பூ வரவில்லை என்று சொன்னேன்

அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்கலாமா என்ற கேள்வி என் முன்னால் இரண்டு முறை வந்தது. முதல் முறை பெண் என் தங்கை. இரண்டாம் முறை, நான் முகம்கூடப் பார்த்திராத ஒரு பெண். முதல் முறை நான் தப்பான பதில் சொன்னேன். நல்லவேளை, யாரும் அதைக் கேட்கவில்லை. இரண்டாம் முறை கேட்டுவிட்டார்கள்.

எண்பதுகளின் நடுவில், தர்மபுரிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், உரக்கடை மாடியில் நடந்த டுடோரியலில் நான் இங்கிலீஷ் மாஸ்டர். பத்தாவதில் ஃபெயிலானவர்களுக்கு, பேங்க் பரீட்சையில் மூன்று தடவை ஃபெயிலான நான் பாடம் நடத்தினேன். அனுபவத்துக்கு மதிப்பிருந்த காலம். கீழே யூரியா மூட்டை வாடை, மேலே ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ்.

பேங்க் பரீட்சைக்கென்று தினம் பத்து ஆங்கில வார்த்தைகளை ஒரு நோட்டில் எழுதி உருப்போடுவேன். அதில் பெயரடைகள்தான் எனக்குப் பிரியம். வினைச்சொல் என்றால் எழுந்து ஏதாவது செய்தாக வேண்டும். பெயரடையை யார் முதுகிலாவது ஒட்டிவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம். உரக்கடைக்காரர் முதல் தபால்காரர் வரை ஆளுக்கொன்று ஒட்டியிருந்தேன். எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த வார்த்தை ‘இன்ட்யூட்டிவ்’. காரணம் இல்லாமல், ஆதாரம் இல்லாமல், ஒரு விஷயத்தைச் சட்டென்று உணர்ந்துகொள்ளக்கூடிய என்று அகராதியில் போட்டிருந்தது. காரணமும் ஆதாரமும் இல்லாமல் பேசுவது எனக்கு ஏற்கெனவே நன்றாக வந்ததால், அந்த வார்த்தை எனக்கே அளவெடுத்துத் தைத்ததாகப் பட்டது. பேச்சுக்குப் பேச்சு “எனக்கு இன்ட்யூட்டிவா தோணுது” என்பேன். மழை வரும் என்பேன். வராது. தர்மபுரியில் மழை வராததை யாரும் என் தோல்வியாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் தங்கைக்குப் பாப்பாரப்பட்டிப் பக்கம் ஓர் இடம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். பிடித்துவிட்டது என்று தரகர் சொன்னார். அடுத்தது நாங்கள் போய் வீடு பார்க்க வேண்டும். அதில் கல்யாணப் பெண்ணைத் தவிர எல்லாரும் போகலாம். அப்பா, தாய்மாமா, அப்பாவின் அக்காவான என் அத்தை, படித்தவன் என்ற முறையில் நான். நாலு பேரும் காலை பஸ்ஸில் போனோம்.

அத்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புருஷன் போன பிறகு எங்களோடுதான் இருந்தாள். வயது ஐம்பது. மாடு வாங்குவதில் கெட்டிக்காரி. சந்தையில் ஒரு மாட்டின் முன்னால் போய் நின்றால் அரைமணி நேரம் நிற்பாள். பல்லைப் பிடித்துப் பார்க்க மாட்டாள், சுழி பார்க்க மாட்டாள், மாட்டுத் தரகர் பேச்சைக் காதில் வாங்க மாட்டாள். வெற்றிலை மட்டும் மெல்லுவாள். கடைசியில் “வேண்டாம்” என்றோ “அவுத்துக்கோ” என்றோ ஒரு வார்த்தை. அவளுக்கு நான் ஒட்டியிருந்த பெயரடையை இங்கே எழுத வேண்டாம்.

வீடு நன்றாக இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா வெள்ளை வேட்டியில் வாசலுக்கே வந்து கும்பிட்டார். மெதுவாகப் பேசுகிற மனிதர். ஒரு வார்த்தையும் அதட்டிச் சொல்லவில்லை. “எங்களுக்கு நகை, சாமான் ஒண்ணும் வேண்டாங்க. பொண்ணு வந்தாப் போதும்” என்றார். அப்பாவும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எங்கள் மூவரையும் கொல்லைக்குக் கூட்டிப்போனார். கிணற்றில் தண்ணீர் மேலேயே நின்றது. அஞ்சு குதிரை மோட்டார். அதற்குப் பின்னால் மாந்தோப்பு, பட்டுப்புழு ஷெட். மாமா கிணற்றுக்குள் ஒரு கல்லைப் போட்டு ஆழம் பார்த்தார். நான் மோட்டாரின் மேல் எழுதியிருந்த இங்கிலீஷைப் படித்துச் சொன்னேன். வந்த வேலையே அதுதான் மாதிரி. மாப்பிள்ளை கூடவே வந்தான். அவனுடைய அப்பா சொல்லி முடித்த பிறகு அதையே இன்னொரு முறை சொன்னான்.

அத்தை வீட்டுக்குள்ளேயே இருந்தாள். கிணறு, தோப்பு பார்க்கப் பெண்களைக் கூப்பிடுவதில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா மாந்தோப்பைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா, ஒண்ணும் சொல்லாம வரீங்க?” என்றார் அப்பா.

“வேண்டாம்.”

“என்ன வேண்டாம்?”

“இந்த எடம் வேண்டாம்.”

“ஏன்?”

“தெரியல. வவுத்துல என்னமோ பண்ணுது.”

“அது அவங்க குடுத்த போண்டா” என்றேன் நான். முன்சீட்டு ஆள்கூடத் திரும்பிச் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. என்னை மாட்டைப் பார்ப்பதுபோல ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அவிழ்த்துக்கொண்டு வந்திருக்க மாட்டாள் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. என்னை எந்தச் சந்தையிலும் அவள் வாங்கியிருக்க மாட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தங்கை என்னைக் கிணற்றடியில் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா, எப்பிடி இருந்துது?”

“அருமையான எடம். அஞ்சு குதிரை மோட்டார்.”

“மோட்டாரையா நான் கட்டிக்கப் போறேன்? வூட்டுல இருக்கறவங்க எப்பிடி?”

“அமைதியான குடும்பம். சத்தமே இல்லை. எனக்கு இன்ட்யூட்டிவா தோணுது, நல்லாத்தான் இருக்கும்.”

“இவ்வளவு தூரம் போய்ப் பாத்துட்டு வந்து, இருக்கும்னு சொல்றே” என்றாள். பத்தொன்பது வயது. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் குடத்தைத் தூக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

அப்பா ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம். அத்தையிடம் காரணம் இல்லை, அப்பாவிடம் மாந்தோப்பு இருந்தது. இப்படி இழுபறி வந்தால் எங்கள் பக்கம் சாமியிடம் பூக் கேட்பார்கள். வெள்ளை அரளியை ஒரு காகிதத்திலும் சிவப்பு அரளியை இன்னொன்றிலும் பொட்டலம் கட்டி, அம்மன் முன்னால் குலுக்கிப் போடுவார்கள். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். மற்றப் பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை, அது மரியாதை இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போனோம். பொட்டலம் கட்டுகிற வேலை எனக்குக் கிடைத்தது. விரல் சுத்தமானவன் என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். நான் இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை அரளியையே வைத்துக் கட்டினேன்.

அதை இப்போது எழுதும்போதுதான் கை கொஞ்சம் தயங்குகிறது. அன்றைக்குத் தயங்கவே இல்லை. எனக்குத்தான் தெரியுமே, நல்ல இடம் என்று. சாமிக்கும் தெரிந்திருக்கும். தெரிந்ததைச் சொல்ல அதற்கு நான் ஒத்தாசை செய்கிறேன், அவ்வளவுதான். பொட்டலங்களைத் தட்டில் வைத்துவிட்டு, கால் கழுவிக்கொண்டு வரக் குழாயடிக்குப் போனேன். வந்தேன். பூசாரி குலுக்கிப் போட்டார், ஒன்றை எடுத்தார், பிரித்தார்.

சிவப்பு.

என் வாழ்க்கையில் நான் பார்த்த ஒரே அற்புதம் அது. நானே கட்டிய பொட்டலம். “ஏமாத்துறாங்க” என்று கத்தலாம். கத்தினால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கண்ணை மூடிக் கும்பிட்டேன். அப்பா முகம் வாடிப்போய்க் கற்பூரத்தை ஒற்றிக்கொண்டார். தங்கை வெளிப்படி ஓரம் நின்று எங்கள் முகங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அத்தை வெற்றிலையை மென்றுகொண்டிருந்தாள்.

தரகரிடம், “பூ வரலீங்க” என்று சொல்லி அனுப்பினோம். எங்கள் பக்கத்தில் கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிற முறை அது. மாப்பிள்ளை மேல் குற்றமில்லை, குடும்பத்தின் மேல் குற்றமில்லை, சாமி ஒப்பவில்லை. அப்படிச் சொன்னால் நாளைக்குச் சந்தையில் பார்த்தாலும் இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொள்ளலாம்.

டுடோரியலில் கணக்கு எடுத்தவர் என் வயதுக்காரர். கத்தோலிக்கக் குடும்பம். பாதிரியாராக வேண்டும் என்று படிக்கப் போய் நாலு வருஷத்தில் திரும்பி வந்துவிட்டார். சபை அவரை விட்டுவிட்டது, லத்தீன் விடவில்லை. அவரிடம் ஒரு நாள் டீக்கடையில் என் பெயரடையைச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். காரணமே இல்லாமல் தெரிந்துகொள்கிற சக்தி என்றேன்.

“அது பின்னாடி வந்த அர்த்தம் மாஸ்டர்” என்றார். “லத்தீன்ல ‘துவேரி’ன்னா பாக்கறது. சும்மா கண்ணுல படறது இல்லை, காவலுக்கு நிக்கறவன் பாக்கற பார்வை. அதுக்கு முன்னாடி ‘இன்’ போட்டா, ஒண்ணு மேலயே கண்ணை வெச்சு விடாம பாக்கறது. உங்க வார்த்தை அதுலேர்ந்துதான் வருது.”

“அப்போ திடீர்னு மனசுல தோணறது?”

“நடுவுல சாமியாருங்க அதை எடுத்துக்கிட்டாங்க. மனுசன் யோசிச்சு, ஒண்ணுலேர்ந்து ஒண்ணு தேடித் தெரிஞ்சுக்கறான். தேவதூதருங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை, பாத்த உடனே தெரிஞ்சுடும். அந்தப் பார்வைக்கு இந்தப் பேரை வெச்சாங்க. ஆனா தேவதூதனே ஆனாலும் பாத்தாவணும் மாஸ்டர்.”

“நான் தேவதூதர் பக்கம்னு வெச்சுக்குங்க.”

“நீங்க ட்யூஷன் பக்கம். ட்யூஷனும் அதே வேர்தான். ஒருத்தரைப் பாத்துக்கறது, காவல் காக்கறது. நீங்க என்னடான்னா கிளாஸ்ல நாப்பது பேரை வெச்சுக்கிட்டு ஜன்னலைப் பாக்கறீங்க.”

டீ ஆறிப்போயிருந்தது. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், அடுத்த நிமிஷம் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். எனக்கு அந்தப் பஸ் ஜன்னலும் அதன் ஓரத்தில் அத்தையின் முகமும் ஞாபகத்துக்கு வந்தன. வயிற்றில் என்னமோ பண்ணுகிறது என்றாளே, வயிறு எதைப் பார்த்தது?

அன்று சாயங்காலம் மாட்டுக் கொட்டகையில் அத்தை பால் கறந்துகொண்டிருந்தாள். நான் போய் நின்றேன்.

“அத்தை, அன்னிக்கு அந்த வூட்டுல என்ன பாத்தே?”

கை நிற்கவில்லை. “இப்ப எதுக்கு?”

“சும்மாதான்.”

“பெரிய மருமவளோட கொழந்தை ஒண்ணு இருந்துது. பொட்டப்புள்ள, மூணு வயசு இருக்கும். அது முன்னாடி தட்டுல முறுக்கு வெச்சாங்க. அது எடுக்கல.”

“பசி இல்லாம இருந்திருக்கும்.”

“மூணு வயசுக் கொழந்தை முறுக்குத் திங்கறதுக்குப் பசி எதுக்குடா? அது தட்டையே பாக்கல. அது தாத்தன், அந்த மாப்பிள்ளையோட அப்பா, மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்துது. அவரு உங்களைக் கூட்டிக்கிட்டுக் கொல்லைக்குப் போன பெறவுதான் எடுத்துது. எடுத்தும் திங்கல. பாவாடைக்குள்ள ஒளிச்சுக்கிச்சு.”

மாடு கால் மாற்றி நின்றது, அத்தை பாத்திரத்தை நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

“அப்பறம் அடுப்படிக்குப் போனேன். பெரிய மருமவ எனக்கு மோர் ஊத்துனா. அந்த நேரம் கொல்லையில அவரு ஒரு தரம் இருமுனாரு. நீ பக்கத்துலதான் இருந்திருப்பே, உனக்குக் கேட்டிருக்காது. அவ பாதி டம்ளர்ல ஊத்தறத நிறுத்திட்டா. அப்பிடியே நின்னா. இன்னொரு இருமல் வரலைன்னு தெரிஞ்ச பெறவுதான் மீதிய ஊத்துனா. எவ்வளவு நேரங்கறே? நான் வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவி மடிச்சு வாயில போட்டாச்சு.”

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?”

“என்னன்னு சொல்றது? கொழந்தை முறுக்குத் திங்கல, சம்பந்தம் வேண்டாம்னா? உங்கப்பன் தமிழ்ல சிரிப்பான். நீ இங்கிலீஷ்ல சிரிப்பே.”

அவளே தொடர்ந்தாள்.

“அதான் பொட்டலத்தை மாத்துனேன்.”

“நீயா?”

“நீ கட்டுனப்பவே பாத்தேன். கூடையில வெள்ளை அரளிதான் கொறைஞ்சுது, செவப்பு வெச்சது வெச்ச மாதிரியே இருந்துது. நீ கால் கழுவப் போனே, நான் ரெண்டுலயும் செவப்ப வெச்சுட்டேன்.” பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். “சாமி கோவிச்சுக்காது. மொதல்ல வெளையாடுனது நீதானே.”

ஆக, என் தங்கை அந்த வீட்டுக்குப் போகாமல் தப்பியது ஒரு திருட்டுத்தனத்தின் மேல் இன்னொரு திருட்டுத்தனம் விழுந்ததால். அதை நினைத்து அந்த வாரம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழந்தையை நினைக்கவில்லை.

அந்த மாசக் கடைசியில் ஒரு மத்தியானம், நான் கிளாஸ் எடுத்துக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் ஒருவர் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும், விவசாயி. தீர்த்தமலைப் பக்கம், இரண்டு பஸ் மாறி வருவதாகச் சொன்னார். உள்ளே வரச் சொன்னதற்கு, “இருக்கட்டுமுங்க சார்” என்று வாசலிலேயே நின்றார்.

“பாப்பாரப்பட்டிப் பக்கத்து எடம் ஒண்ணு எங்க பொண்ணுக்கு வந்துருக்குதுங்க. மொதல்ல உங்க வூட்டுக்குப் பேசுனாங்களாம், நின்னுபோச்சாம். அதான் ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுப் போலாம்னு. ஒரே பொண்ணுங்க. உங்க தங்கச்சி மாதிரி நெனச்சுச் சொல்லுங்க.”

நாற்பது பேர் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது எனக்கு எல்லாமே தெரியும். இன்ட்யூட்டிவ் என்ற வார்த்தையின் வேர் தெரியும், முறுக்கு தெரியும், மோர் தெரியும். அவர் கேட்டதற்கு என்னிடம் காரணம் இருந்தது, ஆதாரம்கூட இருந்தது. ஆனால் அதை வாயில் எடுத்தபோது எவ்வளவு சின்னதாக இருந்தது! இருமினார் என்று ஒரு குடும்பத்தின் மேல் குற்றம் சொல்வதா? தரகருக்குப் போகும், அவர்களுக்குப் போகும், நாளைக்கு அப்பா சந்தையில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. பழகின பழக்கம், வாய் தானாகவே திறந்தது.

“பூ வரலீங்க.”

அவர் முகம் தெளிந்தது. நெஞ்சில் வைத்திருந்த கையை எடுத்தார். இருந்தாலும் நல்ல மனிதர், இன்னொரு தரம் கேட்டார்.

“அவ்வளவுதானுங்களா? மனுசங்களைப் பத்தி ஒண்ணும் இல்லீங்களே?”

“அமைதியான குடும்பமுங்க” என்றேன்.

அது பொய்யில்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வந்தது.

கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார். சாயங்காலம் வீட்டில் அதைச் சொன்னபோது அத்தை முறத்தைக் கீழே வைத்தாள்.

“வந்தவருக்கு ஊரு எது?”

“தீர்த்தமலைப் பக்கம்னாரு.”

“பக்கம்னா? மலையைச் சுத்தி எத்தனை ஊரு இருக்குது? பேரு?”

“கேக்கல.”

“பையில ஊரு பேரு போட்டிருக்கும், கடைப்பை வெச்சிருந்தாரா?”

பையே வைத்திருந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. பத்து நிமிஷம் எதிரே நின்ற மனிதர். அத்தை என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அடுத்த நாள் காலை தரகர் வீட்டுக்கு நடந்தாள். தரகர் ஊரில் இல்லை. நாலாம் நாள் அவரைப் பிடித்தபோது, “அங்க எல்லாம் முடிஞ்சுதுங்க. கேட்ட ஒடனே வெள்ளைப் பூ. முகூர்த்தமும் குறிச்சாச்சு” என்றாராம். ஊர் பேரைக் கேட்டதற்கு, “எதுக்குங்க?” என்று சிரித்துக்கொண்டு வண்டியேறிவிட்டார். அப்பா, “முகூர்த்தம் குறிச்ச பெறவு ஒரு கலியாணத்தைக் கெடுத்த பாவம் நமக்கு எதுக்கு? விடுக்கா” என்றார். அத்தை அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. என்னிடம் வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை.

தங்கைக்கு அடுத்த வருஷம் ஓசூர்ப் பக்கம் கல்யாணமாயிற்று. வீடு பார்க்க என்னைக் கூட்டிப் போகவில்லை. நான் இன்ட்யூட்டிவ் என்பதை நோட்டில் அடித்துவிட்டேன். பேங்க் பரீட்சையில் நாலாவது முறையும் ஃபெயிலானேன், கைச்செலவுக்கு இங்கிலீஷில் மனு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன்.

ஒன்றரை வருஷம் கழித்து அந்தத் தீர்த்தமலைக்காரர் மறுபடியும் அந்த மாடிப்படி ஏறி வந்தார். இந்த முறை நன்றாகப் பார்த்தேன். இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைத்தார். கையில் கறுப்புப் பிளாஸ்டிக் பை, அதற்குள் சுருட்டிய வெள்ளைத் தாள்கள். சட்டையின் இரண்டாவது பட்டனுக்குப் பதில் ஊக்கு.

“பஸ் ஸ்டாண்டுல டைப் அடிக்கறவருகிட்டக் கேட்டனுங்க. இங்கிலீஷ்ல மனு எழுதறதுன்னா இங்க போங்கன்னாரு. உரக்கடை மாடின்னதும் நீங்கதான்னு தெரிஞ்சுதுங்க. எனக்கு உசுரே வந்துச்சு சார். உங்களுக்கு அந்த வூடு தெரியும், நான் அதிகமாச் சொல்லத் தேவையில்லீங்க.”

அவரை உட்கார வைத்தேன். பெண் போன வாரம் வீட்டுக்கு வந்துவிட்டாளாம். எப்படி வந்தாள், யாரோடு வந்தாள் என்று அவளே சொல்லவில்லையாம். வலது கை முழங்கைக்குக் கீழே உடைந்து, கட்டுப்போட யாரிடமும் கூட்டிப்போகாமல், அதுவாகவே கோணலாகக் கூடியிருந்ததாம். “ரெண்டு மூணு மாசம் ஆயிருக்கும்ங்கறாரு டாக்டரு. அந்தக் கையோடதாங்க எங்க வூட்டுப் பொங்கலுக்கு வந்துட்டுப் போனா. முந்தானையப் போத்திக்கிட்டே இருந்தா. நாங்க பாக்கலீங்க.”

பெரிய போலீஸ் ஆபீசருக்கு மனு. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அழவில்லை அவர். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, நான் எழுதி முடிக்கும்வரை பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்தது என்று நினைத்துப் பேனாவை மூடினேன்.

“இன்னும் ஒண்ணு சார். பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாடி நாங்க நல்லா விசாரிச்சுட்டுத்தான் குடுத்தோம், யாரும் ஒரு கொறையும் சொல்லலன்னு எழுதுங்க. நாளைக்கு, தெரிஞ்சுதானே குடுத்தீங்கன்னு அவங்க கேப்பாங்க இல்லீங்களா?”

எழுதினேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, தமிழில் படித்துக் காட்டச் சொன்னார். முதலிலிருந்து படித்தேன். அந்த வாக்கியத்தை மட்டும் இரண்டு தடவை ஆரம்பித்தேன். அவர் மேஜைமேல் இருந்த தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்தினார்.

“யார் யாருகிட்ட விசாரிச்சோம்னு பேரெல்லாம் போடணுங்களா சார்?”

“போட்டா நல்லதுங்க” என்றேன். மனு எழுதுகிறவன் பழக்கத்தில் சொன்னேன்.

“அப்ப மொதல்ல உங்க பேரைப் போட்டுக்குங்க” என்றார்.

போட்டேன்.